பி.எம்.ஐ. எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

திருநெல்வேலியில் பேட்டையிலோ மேலப்பாளையத்திலோ கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டிருந்தால் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"எனக்கு இருவத்தெட்டுன்னு போட்டிருக்காவ மைனி. அப்போ சர்க்கரை இருக்கும்லா?"

"எனக்கு இருவத்திமூணுதான். நான் தப்பிச்சேன்."

கையில் ஆளுக்கொரு சீட்டு. உயரம், எடை, அதற்குக் கீழே பி.எம்.ஐ. என்று ஓர் எண். இருவருமே அந்த எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள். 28 வந்தால் சர்க்கரை வந்துவிட்டது என்று பொருளில்லை. 23 வந்தால் வரவே வராது என்றும் பொருளில்லை.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. "பி.எம்.ஐ. எல்லாம் ஏமாத்து வேலை அண்ணாச்சி, ஜிம்முக்குப் போய் உடம்பை ஏத்துனவனைக்கூட குண்டுன்னு காட்டும்" என்பார்கள். இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஜிம் பக்கம் போனவர்கள் இல்லை. அந்த எண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது, சின்ன வேலை. அது என்ன என்று தெரிந்துகொண்டால் பயப்படவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம்.

கணக்கு இவ்வளவுதான்

பி.எம்.ஐ. என்பது உடல் நிறைக் குறியீட்டு எண். உங்கள் எடையை கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். எடையை அந்தப் பெருக்குத்தொகையால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ.

155 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 155 சென்டிமீட்டர் என்பது 1.55 மீட்டர். 1.55ஐ 1.55ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.40. 60ஐ அதனால் வகுத்தால் 25. அவ்வளவுதான் கணக்கு. இதில் ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. வயது, ஆணா பெண்ணா, என்ன வேலை, எதுவுமே இந்தக் கணக்குக்குள் போகவில்லை. போகாத எதைப் பற்றியும் வருகிற விடை பேசாது.

உயரத்தால் ஒரு முறை மட்டும் வகுத்தால் போதாதா, எதற்காக இருமுறை? நெட்டையான ஆள் குட்டையான ஆளைவிடக் கனமாக இருப்பது இயல்பு. அந்த உயரத்தின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் பருமனை ஒப்பிட முடியும். உயரம் ஏற ஏற, பெரியவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தை உயரத்தாலேயே பெருக்கிய அளவுக்கு ஏற்ப ஏறுகிறது. 150 சென்டிமீட்டரில் 50 கிலோ உள்ளவரின் பி.எம்.ஐ. 22.2. அதே 22.2 வேண்டுமென்றால் 180 சென்டிமீட்டர்க்காரர் 72 கிலோ இருக்க வேண்டும். உயரம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, எடையோ 22 கிலோ கூடிவிட்டது.

இதைக் கண்டவர் மருத்துவர் இல்லை. அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியம் நாட்டுக்காரர் (1796–1874), வானியலும் கணிதமும் படித்தவர். 1830களில், மனித உடம்பின் சராசரி எப்படியிருக்கும் என்று தேடிப் போன இடத்தில் இந்த உறவைக் கண்டார். யாருக்கு நோய் வரும், யாருக்கு வராது என்பது அவருடைய கேள்வியே இல்லை. நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் பல நாட்டு ஆண்களின் அளவுகளை வைத்து, எடை–உயரக் கணக்குகளில் எது உடல் கொழுப்போடு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். கெட்லேயின் கணக்கு மற்றவற்றைவிடப் பரவாயில்லை என்று வந்தது. பி.எம்.ஐ. என்ற பெயரும் அப்போது வைத்ததுதான். பிரமாதம் என்று அவர்களும் சொல்லவில்லை; இருப்பதில் எளிது, செலவில்லாதது, அதனால் நிலைத்துவிட்டது.

ஆக, இது எடையை உயரத்துக்கு ஏற்பத் திருத்திச் சொல்லும் எண். மனிதர்களைக் கூட்டமாக வைத்துப் பார்க்கப் பிறந்த எண்.

வாழைத்தாரைத் தராசில் ஏற்றினால்

களக்காட்டுப் பக்கம் ஏத்தன் தாரை எடை போட்டுத்தான் வாங்குவார்கள். தராசில் ஏறுவது காய் மட்டுமில்லை, நடுத்தண்டும் சேர்ந்துதான் ஏறுகிறது. அதனால் தண்டுக்கென்று ஒரு கழிவைத் தள்ளிவிட்டு விலை போடுவார்கள். அந்தக் கழிவு ஓர் உத்தேசம். ஒரு வண்டி தார் வாங்கும் வியாபாரிக்கு அது சரியாகவே வரும். ஒன்றில் தண்டு பருத்திருக்கும், இன்னொன்றில் மெலிந்திருக்கும், மொத்தத்தில் நேராகிவிடும். ஆனால் ஒரே ஒரு தாரைக் காட்டி, "இதுல காய் மட்டும் எத்தனை கிலோ வே?" என்று கேட்டால் தராசு பதில் சொல்லாது. சீப்பு சீப்பாக அரிந்து தனியே நிறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பி.எம்.ஐ.யும் இப்படித்தான். எலும்பு, தசை, தண்ணீர், கொழுப்பு எல்லாம் ஒன்றாகத் தராசில் ஏறுகின்றன. எது எவ்வளவு என்பது அந்த எண்ணில் இல்லை.

உவரி, திசையன்விளைப் பக்கத்தில் பதநீர்க் காலம் முழுவதும் பனை ஏறி இறங்குகிற ஒருவர், 165 சென்டிமீட்டர், 68 கிலோ. பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற இன்னொருவர், அதே 165, அதே 68. இருவருக்கும் பி.எம்.ஐ. 25தான். பனையேறியின் தோளிலும் தொடையிலும் கனம் தசையாக இருக்கும். மற்றவருக்கு அந்தக் கனத்தில் கணிசமான பங்கு சட்டை பட்டனுக்குப் பின்னால் இருக்கும். சீட்டில் இருவரும் ஒன்று, உடம்பில் ஒன்றில்லை.

ஜிம்காரர் வாதம் இந்த இடத்தில் சரிதான். தசை மிகுந்தவரைப் பி.எம்.ஐ. கூட்டிக் காட்டும். ஆனால் நம் ஊரில் அதிகம் நடக்கிற பிழை இது இல்லை, தலைகீழானது. கொழுப்பு மிகுந்து தசை குறைந்தவரை அது நல்லவராகக் காட்டிவிடும்.

ஒல்லி, ஆனால் கொழுப்பு

2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படங்களையே போட்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. எந்த அட்டவணையில் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத எண். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று தனியே அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்!

ஓர் ஆளை வைத்துச் சொன்ன கதை என்று தள்ளிவிட முடியாது. யாக்னிக்கின் குழு புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டது. நம் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, அங்குள்ளவை 3.5 கிலோ. எடையிலும் தசையிலும் நம் குழந்தைகள் மிகவும் குறைவு; கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறையவில்லை. பிறக்கும்போதே உடம்பின் கூட்டு விகிதம் வேறாக இருக்கிறது. இதற்குத் தாயின் ஊட்டம் உட்படப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இது வளர்ந்த பிறகு எப்படியிருக்கும் என்பதற்கு நம் தெருவிலேயே சாட்சி உண்டு. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் காலையில் மடியில் தட்டை வைத்து பீடி சுற்ற உட்கார்ந்தால், பொழுது சாயும் வரை எழுந்திரிக்காத அக்காமார் இருக்கிறார்கள். கை மெலிந்திருக்கும், காலும் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும். "நான் எங்க குண்டு? கையப் பாரு, குச்சி மாதிரி இருக்கு" என்பார்கள். சீட்டும் 23 என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடும்.

எடையைவிட, அந்த எடை எதனால் ஆனது என்பதும் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பி.எம்.ஐ.க்கு இவை இரண்டுமே தெரியாது.

வயிற்றுக் கொழுப்பு ஏன் வேறு

கையால் கிள்ளினால் பிடிபடுகிறதே, தோலுக்கு அடியில் இருக்கும் அந்தக் கொழுப்பு தோலடிக் கொழுப்பு. குடலைச் சுற்றியும் மற்ற உள்ளுறுப்புகளின் நடுவிலும் சேர்வது உட்கொழுப்பு. அதைக் கிள்ளிப் பிடிக்க முடியாது. கெடுதல் செய்வதில் இரண்டாவதுதான் மூத்தது.

சாப்பிட்டதும் சோறு சர்க்கரையாக உடைந்து ரத்தத்தில் ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் தசைக்குப் போய் "சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்" என்கிறது. கல்லீரலுக்குப் போய் "நீ வெளியே விடுவதை நிறுத்து" என்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்திலிருந்து அதிகமாகச் சர்க்கரையை வாங்கிக்கொள்வது தசைதான். அதனால் தசை குறைந்த உடம்பில் வாங்குவதற்கே ஆள் குறைவு.

தேவைக்கு மேல் சாப்பிட்டது தோலடியில் கொழுப்பாகச் சேர்கிறது. அதில் பெரிய ஆபத்தில்லை. உடம்பு அதற்கென்றே வைத்திருக்கும் இடம் அது. ஆனால் அந்த இடத்துக்கு ஓர் அளவு உண்டு. அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு 100 கிலோ ஆனாலும் இடம் இருக்கும். சிலருக்கு, நம்மவர்களில் பலருக்கு, 60 கிலோவிலேயே நிரம்பிவிடுகிறது. நிரம்பிய பிறகு மிச்சம் வயிற்றுக்குள்ளும், கல்லீரலிலும், தசைக்குள்ளும், கணையத்திலும் போய்ச் சேர்கிறது. ஸ்கேன் எடுக்கும்போது 'ஃபேட்டி லிவர்' என்று எழுதித் தருகிறார்களே, அது இந்தக் கதையின் நடுப்பகுதி.

கொழுப்பேறிய கல்லீரலும் தசையும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. இதற்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். கல்லீரல் தேவையில்லாத நேரத்திலும் சர்க்கரையை வெளியே விடும். கணையம் சும்மா இருக்காது; இன்னும் இன்சுலின், இன்னும் இன்சுலின் என்று சுரக்கும். இப்படிப் பல வருஷம் ஓடும். அந்த வருஷங்களில் சர்க்கரை டெஸ்ட் சரியாகத்தான் வரும், ஆளுக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் கணையத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. நாம் "திடீர்னு சுகர் வந்துட்டு" என்கிறோம்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்து மருத்துவர் ராய் டெய்லர் இந்த 'ஆளுக்கு ஆள் மாறும் அளவை' வைத்து ஒரு சோதனை செய்தார். சர்க்கரை நோய் இருந்தும் பி.எம்.ஐ. 21க்கும் 27க்கும் இடையில் இருந்த 20 பேரை எடுத்து, மருத்துவக் கண்காணிப்பில் எடையைக் குறைக்க வைத்தார். 14 பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே இறங்கியது. பார்த்தால் பருமன் என்றே சொல்ல முடியாதவர்களுக்கும், அவர்களுடைய உடம்புக்கு அந்த எடை அதிகமாக இருந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது ஆஸ்பத்திரிப் பார்வையில் நடந்த காரியம்.

கோடுகளை யார் போட்டது

உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைதான் பெரும்பாலான சுவர்களில் தொங்குகிறது. 18.5க்குக் கீழே எடைக்குறைவு. 18.5 முதல் 24.9 வரை நார்மல். 25 முதல் 29.9 வரை கூடுதல் எடை. 30உம் அதற்கு மேலும் உடல் பருமன்.

24.9க்கும் 25க்கும் நடுவில் உடம்புக்குள் எந்தக் கதவும் திறப்பதில்லை. ஆபத்து சரிவாக மெள்ள ஏறுகிறது. எங்கே கோடு போடுவது என்பதை மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் 1998 வரை கூடுதல் எடைக்கான கோடு ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3. அந்த வருஷம் இருவருக்கும் 25 என்று இறக்கினார்கள். முந்தின நாள் நார்மலாகத் தூங்கப் போன கோடிக்கணக்கானவர்கள் ஒரு கிலோகூட ஏறாமல் மறுநாள் கூடுதல் எடைக்காரர்களாக எழுந்தார்கள்.

அந்தக் கோடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி மக்களின் கணக்குகளை வைத்துப் போட்டவை. இங்கிலாந்தில் பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2021இல் வந்தது. வெள்ளையருக்கு பி.எம்.ஐ. 30இல் இருக்கும் சர்க்கரை நோய் ஆபத்து, தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது என்று அது காட்டியது. அவர்களுக்கு 'உடல் பருமன்' என்று எழுதுகிற இடத்து ஆபத்து, நமக்குச் சுவர் அட்டவணை 'நார்மல்' என்று எழுதுகிற இடத்திலேயே இருக்கிறது.

இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009இலேயே தனிக் கோடு போட்டார்கள். நமக்கு 23 முதல் 24.9 வரை கூடுதல் எடை. 25உம் அதற்கு மேலும் உடல் பருமன். முகாம் வாசலில் "நான் தப்பிச்சேன்" என்ற மைனியின் 23, இந்தக் கணக்கில் வாசற்படி. அவருக்குக் கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில் எந்த அட்டவணை அச்சாகியிருந்தது என்பதைப் பொறுத்து அவர் சந்தோஷமாகவோ யோசனையோடோ வீட்டுக்குப் போவார். ஒரே ஊரில் இரண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்று குழம்புகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அளக்கும்போது நடக்கும் கூத்து

கணக்கு சரி, கோடும் சரி. அளப்பதில் கோட்டைவிட்டால்?

முகாமில் வரிசை நீளம். செருப்பைக் கழற்றச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. மேலே தூக்கி முடிந்த கொண்டையில் பிச்சிப்பூ சுற்றியிருக்கும். உச்சந்தலையில் படிய வேண்டிய அளவுக்கட்டை அந்தக் கொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். முன்னால் பார்த்த 155 சென்டிமீட்டர் பெண், செருப்பும் கொண்டையுமாகச் சேர்ந்து 157 ஆகிவிடுவார். 60 கிலோவுக்கு 25 வர வேண்டிய எண் 24.3 ஆகிவிடும். ஒரு கிராம் குறைக்காமல் கோட்டுக்குக் கீழே வந்தாயிற்று. உயரத்தால் இருமுறை வகுக்கிறோம் அல்லவா, அதனால் உயரத்தில் செய்கிற சின்னப் பிழை விடையில் இரண்டு பங்காகத் தெரியும்.

அதனால் செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டி, நேரே பார்த்து நிற்க வேண்டும். எடையைக் காலையில், சாப்பிடும் முன், ஒரே தராசில் பாருங்கள். பையில் செல்போனும் சாவிக்கொத்தும் வேண்டாம்.

நூல் ஒன்று போதும்

பி.எம்.ஐ.க்குத் தெரியாத வயிற்றுச் சேதியைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை. தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். இந்தியர்களுக்கு வைத்திருக்கும் இடுப்பளவு வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் உட்கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே அளப்பது என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். "பதினைஞ்சு வருஷமா எனக்கு பேன்ட் சைஸ் 34தான்" என்று பெருமையாகச் சொல்லும் அண்ணாச்சிகளைப் பாருங்கள். பேன்ட் அதே 34தான். பதினைந்து வருஷத்தில் அது தொப்புளுக்கு மேலிருந்து தொந்திக்குக் கீழே இறங்கிவிட்டது. வேட்டி கட்டுகிறவர்களுக்கும் இதே கதை. அரைஞாண் கயிறு இறுகுகிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனைதான், கயிறு கீழே நழுவாத வரை.

பக்கவாட்டில் கையை வைத்தால் கடைசி விலா எலும்பு தட்டுப்படும். அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல்முனை தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில், வெற்று வயிற்றின் மேல், டேப்பை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் சுற்ற வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் யாரை ஏமாற்றுகிறோம் என்று தெரியவில்லை.

டேப்பும் இல்லையா? சாக்குத் தைக்கிற சணல் ஒரு துண்டு எடுங்கள். உங்கள் உயரத்துக்கு வெட்டி, சரிபாதியாக மடியுங்கள். மடித்த நீளம் உங்கள் இடுப்பை முழுசாகச் சுற்றி வருகிறதா? வந்தால் இடுப்பு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்கிறது. முட்டவில்லை என்றால் வயிறு அளவைத் தாண்டிவிட்டது. 155 சென்டிமீட்டர் உயரமென்றால் 77 சென்டிமீட்டர் வரை சரி. இந்த நூல் கணக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒன்றே. எனக்குப் பி.எம்.ஐ.யைவிட இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

2025 ஜனவரியில் லான்செட் அமைத்த ஒரு சர்வதேசக் குழுவும் இந்தத் திசையில்தான் பேசியது. பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஓர் ஆளை உடல் பருமன் நோயாளி என்று முத்திரை குத்தாதீர்கள்; இடுப்பளவு மாதிரி இன்னொரு அளவையும் சேருங்கள்; அந்தக் கொழுப்பால் உறுப்புகளுக்குக் கெடுதல் வந்திருக்கிறதா என்று பார்த்து வகைப்படுத்துங்கள் என்றது. பி.எம்.ஐ.யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

பி.எம்.ஐ. நன்றாக வேலை செய்யும் இடங்கள்

வண்டி நிறையத் தார் வாங்குகிறவருக்குக் கழிவுக் கணக்கு சரியாக வரும் என்றேனே, அதுதான் இது. ஒரு மாநிலத்தையே அளக்க இதைவிட மலிவான கருவி இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். இந்தியா முழுவதற்கும் அந்த எண்கள் 24, 22.9தான். ஒவ்வொரு தனி ஆளிலும் எண் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் அந்தப் பொய்கள் கரைந்துவிடும். தமிழ்நாடு இந்தியச் சராசரியைவிடக் கனத்திருக்கிறது என்பது உண்மை.

இன்னொரு இடம், அட்டவணையின் அடிப்பக்கம். பருமனைப் பற்றியே பேசிப் பேசி அதை மறந்துவிடுகிறோம். பி.எம்.ஐ. மிகவும் குறைந்தால் அதில் தசையா கொழுப்பா என்ற வழக்கே இல்லை, இரண்டுமே கரைந்திருக்கும். காசநோய்க்காரர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறிந்தவுடன் பி.எம்.ஐ.யும் பார்க்கிறார்கள். 14 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அபாய நிலை, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவர். எடைத் தராசும் அளவுக்கோலும் வைத்திருக்கும் ஒரு நர்ஸம்மா, ஐந்து நிமிஷத்தில், இன்றே கட்டில் வேண்டியவர் யார் என்று பிரித்துவிட முடிகிறது. 'ஏமாத்து வேலை' என்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இந்த அட்டவணை பொருந்தாது

பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வளரும் வயதில் எண் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்தந்த வயதுக்கு, ஆண் பெண்ணுக்கென்று தனித்தனி வளர்ச்சி அட்டவணை உண்டு, அதில்தான் பார்க்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 17 வந்துவிட்டது, ஒல்லி என்று பெரியவர்கள் அட்டவணையை வைத்துக் கொண்டு உளுந்தங்களியாகக் கிண்டிக் கொடுக்க வேண்டாம். உண்டாயிருக்கும் பெண்களுக்கும் பொருந்தாது. கால் வீக்கமோ வயிற்றில் நீரோ உள்ளவர்களுக்கு ஏறியிருப்பது தண்ணீரின் எடை.

வயதானவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். எழுபதைத் தாண்டிய ஆச்சிக்கு முதுகு வளைந்து உயரம் குறைந்திருக்கும், அதனால் எண் கூடும். தசை கரைந்து எடையும் குறைந்திருக்கும், அதனால் எண் இறங்கும். இரண்டு பிழையும் எதிரெதிரே இழுத்து, 22 என்று அழகாக ஓர் எண் வந்து நிற்கும். ஆச்சியால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பார்ப்பது அந்த எண்ணைவிட அதிகம் சொல்லும்.

சீட்டை வாங்கியதும் என்ன செய்வது

28 வந்த பெண்ணுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்பதை ரத்தம்தான் சொல்லும். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126உம் அதற்கு மேலும் வந்தால் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 6.5 என்பது சர்க்கரை நோயின் கோடு. கூடவே ரத்த அழுத்தமும் கொழுப்பு அளவும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் காசில்லாமலே பார்த்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தால் 28க்காகப் பயந்து சாக வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு, இடுப்பைக் குறைக்கிற வேலையைத் தொடங்கலாம்.

23 வந்த மைனி நூலைச் சுற்றிப் பார்க்கட்டும். நூல் முட்டவில்லை என்றாலோ, வீட்டில் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, அவரும் அதே ரத்தப் பரிசோதனை வரிசையில் நிற்க வேண்டியவர்தான்.

வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு மூன்று மாதம் நடந்தும் தராசு அசையவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நடையோடு கொஞ்சம் பளு தூக்கும் பயிற்சியும் செய்கிறவர்களுக்குத் தசை கூடிக் கொழுப்பு குறையும். கூடியதும் குறைந்ததும் தராசில் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பி.எம்.ஐ. நகராது, இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை டேப்பை எடுத்துக் காலண்டரில் குறித்து வைத்தால் அது தெரியும்.

எண் தானாக இறங்கினால் மட்டும் சந்தோஷப்பட வேண்டாம். சோற்றைக் குறைக்காமல், நடக்காமல், ஆறு மாதத்தில் 60 கிலோ 55 ஆகிவிட்டது என்றால் சீட்டில் பி.எம்.ஐ. அழகாகத்தான் இருக்கும். சர்க்கரை, காசநோய், தைராய்டு, சில நேரம் புற்றுநோய் கூட இப்படித்தான் முதலில் தலைகாட்டும். பக்கத்து வீட்டுக்காரர் "மெலிஞ்சிட்டேளே, நல்லாருக்கு" என்று சொல்கிற அந்த வாரத்திலேயே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.